உங்களுக்குத் தெரியுமா? அலிபிரி தாக்குதல்

2003 அக்டோபர் 1. அன்றைய ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடு, பிரம்மோற்சவத்தையொட்டி ஏழுமலையானுக்கு அரசின் சார்பில் பட்டு வஸ்திரம் சமர்ப்பிக்கத் திருமலைக்குப் புறப்பட்டார். மலையேறும் பாதை தொடங்கும் அலிபிரியை அடுத்து, நக்சல் அமைப்பான மக்கள் யுத்தக் குழுவினர் வைத்த கிளேமோர் கண்ணிவெடிகள் வெடித்தன. மண்ணில் புதைத்து, மிதித்தால் வெடிக்கும் ரகம் அல்ல இது. சாலையோரத்தில் வைத்துத் தொலைவிலிருந்தே இயக்கலாம். உலோகச் சிதறல்கள் ஒரே திசையில் சீறிப் பாயும். குண்டு துளைக்காத கார் உருக்குலைந்தது. நாயுடுவுக்குக் காறை எலும்பு முறிந்தது. உடன் சென்ற அமைச்சர் பொஜ்ஜல கோபாலகிருஷ்ண ரெட்டியும் காயமடைந்தார்.

உயிர் பிழைத்தது வேங்கடவன் அருள் என்றார் நாயுடு. இப்படியொரு தாக்குதலுக்குப் பிறகு பதவிக்காலம் முடியும்வரை பாதுகாப்பு வளையத்துக்குள் இருந்திருக்கலாம். அவரோ நவம்பரிலேயே சட்டசபையைக் கலைத்துத் தேர்தலைச் சந்திக்க முடிவெடுத்தார். மக்கள் கூட்டத்துக்கு நடுவே மாநிலம் முழுவதும் சுற்றினார். துணிச்சலான முடிவுதான். ஆனால் அனுதாபம் வாக்காகவில்லை. வறட்சியும் விவசாயிகளின் துயரமும் மேலோங்கிய 2004 தேர்தலில், 294 இடங்களில் அவரது தெலுங்கு தேசம் கட்சி 47 மட்டுமே வென்றது. 2014இலும் 2024இலும் அவர் மீண்டும் முதல்வரானார்.