அமர்ந்து கண்ட தரிசனம்

படம் வரைவதைப் பழந்தமிழர் 'எழுதுதல்' என்றே வழங்கினர். சுவரில் ஓவியம் எழுதினர். கண்ணுக்கு மை எழுதினர். ஓலையில் பாட்டு எழுதினர். எழுத்துக்கும் ஓவியத்துக்கும் ஒரே வினைச்சொல் போதுமானதாக இருந்தது. கண்டதை மறவாமல் பதித்து வைப்பதே இரண்டின் நோக்கமும் ஆகும்.

விழா நாட்களில் கருவறை முன் ஒரு பக்தர் நிற்கக் கிடைப்பது சில நொடிகளே. பின்னாலிருந்து வரிசை நெருக்கும். "நகருங்கள், நகருங்கள்" என்ற குரல் ஒலிக்கும். இறைவன் திருமுகத்தை முழுவதும் கண்டோமா என்ற ஏக்கத்தோடு வெளியே வருவோர் பலர். ஆனால் திருக்கோயில் என்பது கருவறை மட்டுமன்று. குளத்துப் படிக்கட்டு, தேர்நிலை, மடப்பள்ளிப் புகை, வாசலில் பூக்கட்டும் மூதாட்டி, அகல் விளக்குக் கடை, மண்டபத் தூணில் சாய்ந்து இளைப்பாறும் யாத்ரிகர் என அனைத்தும் சேர்ந்ததே கோயில். இவற்றின் முன் எவ்வளவு நேரம் அமர்ந்தாலும் நகரச் சொல்வார் இல்லை. பென்சிலும் நீர்வண்ணமும் கொண்டு அவ்வாறு அமர்ந்தவர்கள் நமக்கு விட்டுச் சென்ற செல்வம் பெரிது.

மதுரைக்கு வந்த இரு ஓவியர்கள்

1792-ஆம் ஆண்டு. தாமஸ் டேனியல் என்ற ஆங்கிலேய ஓவியரும் அவருடைய சகோதரரின் மகனான வில்லியம் டேனியலும் சென்னையிலிருந்து தெற்கு நோக்கிப் பயணம் செய்தனர். தஞ்சைப் பெரிய கோயில், திருச்சி மலைக்கோட்டை, மதுரை, பாபநாசம் அருவி என வழியெங்கும் நின்று வரைந்தனர். கண்ணாடி வில்லை வழியே எதிரிலுள்ள காட்சியைத் தாளின்மேல் விழச் செய்யும் ஒரு பெட்டி அவர்களிடம் இருந்தது. அதன் துணையால் பென்சிலில் கட்டடத்தின் அளவைப் பிடித்துக்கொண்டு, அதன்மேல் மெல்லிய நீர்வண்ணம் பூசுவது அவர்கள் முறை.

ஊர் திரும்பியபின் அந்தப் படங்களைச் செப்புத் தகட்டில் செதுக்கி, அச்சிட்டு வெளியிட்டனர். 1795 முதல் 1808 வரை ஆறு தொகுதிகளாக வந்த அந்த வரிசையில் 144 படங்கள் உள்ளன. மீனாட்சியம்மன் கோயிலின் கீழக் கோபுரத்துக்கு எதிரே, திருமலை நாயக்கர் 17-ஆம் நூற்றாண்டில் எழுப்பிய புதுமண்டபமும் அவற்றுள் ஒன்று. புகைப்படக் கருவி தோன்றுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அந்த மண்டபத்தின் தூண் வரிசை தாளில் பதிந்துவிட்டது. அவர்கள் வந்தது பக்தியினால் அன்று. படம் விற்றுப் பொருள் ஈட்டவே வந்தார்கள். ஆயினும் வெயிலில் நின்று கண்ணால் அளந்து வரைந்த உழைப்பு, இன்று நமக்கு ஒரு சான்றாகப் பயன்படுகிறது.

சில்பி என்னும் தவம்

அயலவர் புறத்தே நின்று வரைந்ததை, நம்மவர் ஒருவர் அகத்தே அமர்ந்து வரைந்தார். நாமக்கல்லில் 1919-இல் பிறந்த ஸ்ரீனிவாசன், சென்னை எழும்பூர் ஓவியப் பள்ளியில் பயின்று ஆனந்த விகடனில் சேர்ந்தார். அங்கே ஓவியர் மாலி அவருக்குச் சூட்டிய பெயர் 'சில்பி'. சிற்பத்தைக் கோட்டில் கொண்டுவரும் அவர் கைத்திறனுக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் அமைந்திருக்காது.

'தென்னாட்டுச் செல்வங்கள்' என்ற தொடருக்காக அவர் கோயில் கோயிலாகச் சென்றார். எழுத்தாளர் தேவன் அந்தப் படங்களுக்கு விளக்கம் எழுதினார். அந்நாளில் வார இதழ் வந்ததும் அந்தப் பக்கத்தைப் பத்திரமாகக் கத்தரித்து எடுத்து, கட்டித் தைத்து வைத்த குடும்பங்கள் பல உண்டு. சில்பியின் தெய்வ உருவங்களைச் சட்டமிட்டுப் பூஜையறையில் வைத்த இல்லங்களும் உண்டு. சிற்பத்தின் முன் அமர்ந்து, அணிகலனின் முத்துவரிசை முதல் ஆடை மடிப்பு வரை கண்ணால் தொட்டுத் தொட்டு வரைந்த படங்கள் அவை. நாம் ஒரு தூணைக் கடந்து செல்ல ஒரு கணம் ஆகிறது. அவர் அதே தூணின் முன் பொழுதெல்லாம் இருந்தார். 1983-இல் அவர் மறைந்தார். அவர் கண்ட தரிசனம் இன்றும் நம் கையில் இருக்கிறது.

பார்வை மங்கினாலும்

மதுரையில் 1936-இல் பிறந்தவர் மனோகர் தேவதாஸ். கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த அவர், மீனாட்சியம்மன் கோயில் கோபுரங்களையும் அவற்றைச் சூழ்ந்த வீதிகளையும் வாழ்நாள் முழுதும் வரைந்தார். மாட்டுவண்டி, வைகைக் கரை, பழைய வீடுகளின் ஓடு, மரத்தடி நிழல் என அவர் வரைந்தவை அன்றாடக் காட்சிகளே. அவருடைய கருவி பெரும்பாலும் கறுப்பு மை. ஆனால் எதிரில் கண்டதைப் பொறுமையோடு உள்வாங்கும் பயிற்சி ஒன்றுதான்.

இல்வாழ்வில் அவருக்கு நேர்ந்தது எளிதன்று. 1972-இல் நிகழ்ந்த கார் விபத்தில் அவர் துணைவியார் மகிமாவுக்குத் தோளுக்குக் கீழே உடல் செயலற்றுப் போயிற்று. தேவதாசுக்கோ விழித்திரையைச் சிறிது சிறிதாகக் கெடுக்கும் பரம்பரை நோய். பக்கவாட்டுப் பார்வை மறைந்து, குழாய் வழியே காண்பதுபோல உலகம் சுருங்கியது. அந்தச் சிறு வட்டத்துக்குள் அகப்பட்டதை ஒவ்வொரு பகுதியாகக் கண்டு, நினைவில் சேர்த்து, முழுப் படமாக அவர் ஆக்கினார். 2020-இல் பத்மஸ்ரீ விருது அவருக்கு அறிவிக்கப்பட்டது, 2022-இல் காலமானார்.

கண்புரையும் மூட்டுவலியும் வந்துவிட்டதால் இனி என்ன செய்ய முடியும் என்று சோர்வோர்க்கு, அவர் வாழ்க்கையே விடை சொல்கிறது.

நேற்று இருந்தது, இன்று இல்லை

கல்லால் ஆனது நிலைக்கும் என்று நம்புகிறோம். ஸ்ரீகாளஹஸ்தியில் கிருஷ்ணதேவராயர் 1516-இல் எழுப்பிய ராஜகோபுரம், 2010 மே 26 அன்று இடிந்து வீழ்ந்தது. அதன் இடத்தில் புதிய கோபுரம் எழுந்து 2017-இல் குடமுழுக்கும் கண்டது. ஆனால் பழைய கோபுரத்தைக் காண வேண்டுமாயின் இனிப் படத்தில்தான் காண வேண்டும். மதுரையில் 2018 பிப்ரவரி 2 அன்று இரவு மூண்ட தீ, வீரவசந்தராயர் மண்டபத்தைச் சிதைத்தது. திருவரங்கத்தில் இதற்கு நேர்மாறான மாற்றம். நூற்றாண்டுக் கணக்காக அடித்தளத்தோடு நின்று 'மொட்டைக் கோபுரம்' என்று அழைக்கப்பட்டது, 1987-இல் பதின்மூன்று நிலை ராஜகோபுரமாக நிறைவுற்றது. அதற்குமுன் வரையப்பட்ட திருவரங்கக் காட்சியைப் பேரப்பிள்ளைகளிடம் காட்டினால் அவர்கள் நம்பவும் தயங்குவர்.

கோபுரத்துக்கேனும் புகைப்படச் சான்று உண்டு. அன்றாட வாழ்க்கைக்கு அதுவும் அரிது. டேனியல்கள் வரைந்த அதே புதுமண்டபத்தில் பின்னாளில் தையற்காரர்களும் பாத்திரக் கடைகளும் வளையல் கடைகளும் புத்தகக் கடைகளும் நிறைந்திருந்தன. சிற்பத் தூண்களுக்கு நடுவே தையல் இயந்திரம் ஓடும் ஓசை மதுரைவாசிகள் அனைவருக்கும் பழக்கமானது. அண்மை ஆண்டுகளில் அக்கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றப்பட்டன. மறைந்திருந்த சிற்பங்கள் வெளிப்பட்டது மண்டபத்துக்கு நன்மையே. எனினும் தலைமுறைகள் கண்ட அந்தக் காட்சி முடிந்துவிட்டது. யாரேனும் ஒருவர் ஒரு மாலைப்பொழுதில் அங்கே அமர்ந்து, துணி வெட்டும் தையற்காரரையும் அவர் தலைக்குமேல் நின்ற கல் யாளியையும் ஒரே தாளில் வரைந்திருந்தால், அந்தத் தாளின் மதிப்பு இன்று எவ்வளவு!

தொடங்குவது எப்படி?

உலகின் பல நகரங்களில் இன்று ஓவிய ஆர்வலர்கள் வார இறுதியில் கூடி, தெருவோரம் அமர்ந்து நேரில் கண்டதை வரைகிறார்கள். சென்னையிலும் அத்தகையோர் உண்டு. இதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. எச்பி, 2பி என இரண்டு பென்சில்கள், ஒரு ரப்பர், நீரைத் தாங்கும் தடித்த தாள் கொண்ட சிறு ஏடு, ஐந்தாறு வண்ணங்கள், ஒரு தூரிகை, ஒரு சிறு குப்பித் தண்ணீர், துடைக்கப் பழைய பருத்தித் துணி இருந்தால் போதும். தாள் 300 ஜிஎஸ்எம் தடிமன் உடையதாயின் ஈரத்தில் சுருங்காது. தரையில் அமர இயலாதோர் மடக்கு நாற்காலி கொண்டு செல்லலாம்.

முதலில் பத்து நிமிடம் வெறுமனே பார்ப்பது நலம். பிறகு கையை நேராக நீட்டிப் பென்சிலைக் கோபுரத்துக்கு இணையாகப் பிடித்து, ஒரு கண்ணை மூடி அளக்க வேண்டும். அடியின் அகலத்தைப்போல உயரம் எத்தனை மடங்கு என்பது அப்போது விளங்கும். நிலைகளை எண்ணிக் குறிக்க வேண்டும். பல்லாண்டு வழிபட்ட கோபுரத்துக்கு ஐந்து நிலையா, ஏழு நிலையா என்று அன்றுதான் முதன்முறையாக எண்ணுவோர் பலர் இருப்பர்.

நீர்வண்ணத்தில் வெளிச்சம் என்பது தாளின் வெண்மையே. அதனால் இளநிறத்தை முதலில் பூசி, காயவிட்டு, பிறகே அடர்நிறத்துக்குச் செல்ல வேண்டும். அகல் விளக்கின் சுடரை வரைய ஒரு வழி உண்டு: சுடர் இருக்கும் இடத்தைத் தொடாமல் வெறுந்தாளாக விட்டு, அதைச் சுற்றி மெல்லிய மஞ்சளும் அப்பால் இருளும் பூசினால் சுடர் தானே ஒளிவிடும். கருங்கல்லுக்குக் கறுப்பு வண்ணம் ஒத்துவராது. கல் உயிரற்றுத் தோன்றும். அடர்நீலத்தையும் செம்மண் பழுப்பையும் கலந்தால் கல்லின் சாம்பல் நிறம் கிடைக்கும். நீலம் மிகுந்தால் நிழல்பட்ட கல். செம்மண் மிகுந்தால் வெயில்பட்ட கல். சித்திரை வெயிலில் வண்ணம் விரைந்து உலரும். மார்கழி விடியலில் நெடுநேரம் ஈரமாகவே இருக்கும். காலத்துக்கு ஏற்பப் பொறுமையும் மாற வேண்டும்.

மனிதர்களை முகம் தெரிய வரைய வேண்டிய கட்டாயமில்லை. பூக்கட்டும் கைகளின் வளைவு, குனிந்த முதுகு, மடியில் வைத்த கூடை ஆகியவை போதும். யார் என்பது ஊருக்கே தெரிந்துவிடும். அவர் எழுந்து போய்விடுவாரோ என்று அஞ்சி முதலில் ஆளையும், பிறகு அசையாத தூணையும் வரைவது அனுபவசாலிகள் வழக்கம்.

கோயிலில் காக்க வேண்டிய நெறி

வரைவதும் வழிபாடு ஆக வேண்டுமாயின் சில ஒழுங்குகள் தேவை. பிராகாரத்துக்குள் அமர்ந்து வரையக் கோயில் அலுவலகத்தில் முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். மூலவரை வரைவது குறித்து ஒவ்வொரு தலத்துக்கும் ஒரு மரபு உண்டு. அர்ச்சகர் சொல்லே முடிவு. பக்தர் செல்லும் வழியை மறிக்கலாகாது; சந்நிதி நோக்கிக் கால் நீட்டலாகாது. தூரிகை கழுவிய நீரைத் திருக்குளத்திலோ தூணடியிலோ ஊற்றாமல் குப்பியிலேயே வைத்து வெளியே கொண்டுவர வேண்டும். கடைக்காரர், பூக்காரர் எவராயினும் ஒரு சொல் கேட்டுவிட்டு வரைவது பண்பு. முடிந்தபின் படத்தை அவர்களிடம் காட்டினால் அடுத்த முறை அவர்களே இடம் ஒதுக்கித் தருவர்.

ஒவ்வொரு படத்தின் கீழும் ஊர், கோயில், நாள், பொழுது, திதி ஆகியவற்றைக் குறிப்பது மிக முக்கியம். அன்று நடந்த விழா, குளத்தில் நீர் நின்ற படியின் எண்ணிக்கை, தேர் எந்த நிலையில் இருந்தது என்பன இரண்டு வரியில் இருக்கட்டும். கோடு கோணலாயினும் குறிப்பு பிழையின்றி இருந்தால், ஐம்பது ஆண்டு கழித்தும் அந்தப் படம் பயன்படும்.

பிறந்த ஊர்க் கோயிலைப் பற்றி முதியோர் நெஞ்சில் உள்ளவை ஏராளம். எந்த மரத்தடியில் உற்சவர் இளைப்பாறுவார், எந்தத் திண்ணையில் ஓதுவார் அமர்வார், வாகன மண்டபத்தில் எந்தக் குதிரைக்குக் காது உடைந்திருந்தது என்பதெல்லாம் எந்த ஆவணத்திலும் இல்லை. அடுத்த பிரதோஷத்தன்று சற்று முன்னதாகப் புறப்பட்டு, பேரனையோ பேத்தியையோ உடன் அழைத்துச் சென்று, தேர்நிலைக்கு எதிரே ஒரு மணி நேரம் அமரலாம். தாத்தா காட்ட, பிள்ளை வரையட்டும். அல்லது பிள்ளை பென்சில் சீவித் தர, பாட்டி வரையட்டும். நந்திக்கு அபிஷேகம் தொடங்கும் மணியோசை கேட்டதும் ஏட்டை மூடி வைத்துவிட்டு உள்ளே செல்லலாம். படத்தின் எஞ்சிய பகுதியை அடுத்த பிரதோஷத்தன்று வரைந்துகொள்ளலாம்.