தொழில்வழிச் சிகிச்சை மாணவர் சங்கங்களும் எமது கிராமங்களும்

கண்ணிவெடியில் வலது காலை இழந்த வெங்காயச் செய்கையாளர் ஒருவருக்கு, மீள்குடியேறிய காலத்தில் நாம் ஒரு சக்கர நாற்காலி பெற்றுக் கொடுத்தோம். சில மாதங்களின் பின் அவர் வீட்டுக்குப் போனபோது அந்த நாற்காலியில் உரப்பைகள் அடுக்கப்பட்டிருந்தன. அவர் திண்ணையில் இருந்தார். மணல் முற்றத்தில் சில்லுப் புதைகிறது என்றார். "எனக்குத் தோட்டத்துக்குப் போகவேணும், தண்ணி மாறவேணும். கதிரையை நான் கேட்கேல்லையே" என்றார்.

அவர் சொன்னது சரி. என்ன வேண்டும் என்று அவரிடம் கேட்காமலே கொடுத்தது எமது பிழை. அந்தக் கேள்வியை முதலில் கேட்கும்படி தன் மாணவரைப் பழக்கும் ஒரு துறை உண்டு. அதுவே தொழில்வழிச் சிகிச்சை.

தொழில்வழிச் சிகிச்சை என்றால் என்ன?

இயன்மருத்துவர் பெரும்பாலும் தசைக்கும் மூட்டுக்கும் பலமூட்டுகிறார். தொழில்வழிச் சிகிச்சையாளரோ அந்தக் கையும் காலும் அன்றாடம் செய்யவேண்டிய வேலைகளைக் கவனிக்கிறார். இங்கே தொழில் என்பது கூலிக்குச் செய்யும் வேலை மட்டுமல்ல. உடுத்தல், குளித்தல், சமைத்தல், பிள்ளையின் விளையாட்டு, தோட்டவேலை யாவும் தொழிலே. வேலையையே மருந்தாக்குவது இச்சிகிச்சையின் வழி.

1917 மார்ச் மாதத்தில் நியூயோர்க் மாநிலத்தின் கிளிப்டன் ஸ்பிறிங்ஸ் என்னும் ஊரில் இத்துறைக்கென அமெரிக்காவில் முதற் சங்கம் அமைக்கப்பட்டது. அதைத் தொடங்கியோரில் ஒருவரான ஜோர்ஜ் பார்ட்டன் ஒரு கட்டடக் கலைஞர். உடலின் இடப்பக்கம் செயலிழந்த அவர், தோட்டவேலையாலும் தச்சுவேலையாலும் தம்மைத் தேற்றிக்கொண்டவர். 1952இல் உலகச் சம்மேளனம் உருவாயிற்று. இத்துறை மாணவர் குறைந்தது 1000 மணித்தியாலம் களப்பயிற்சி பெறவேண்டும் என்பது அதன் விதி.

மாணவர் சங்கங்கள் செய்வன

களப்பயிற்சிக்கு அப்பால், மாணவர் தாமாகவே சேவை செய்வதும் உண்டு. அமெரிக்காவில் இத்துறையைக் கற்பிக்கும் கல்லூரிகளில் மாணவர் சங்கம் இருப்பது வழக்கம். தலைவர், செயலாளர், பொருளாளரைத் தெரிவு செய்து, சந்தா சேர்த்து, சிறு விற்பனைகளால் நிதி திரட்டி வேலை செய்கிறார்கள். மூன்று உதாரணங்களைப் பார்ப்போம்.

முதலாவது, நடக்க இயலாத சிறு பிள்ளைகளுக்கான பற்றரிக் கார். டெலவெயர் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய முயற்சி இது. கடையில் விற்கும் விளையாட்டுக் காரின் கால்மிதியை நீக்கிவிட்டு, கையால் அழுத்தும் பெரிய ஆளியைப் பொருத்துகிறார்கள். பிளாஸ்ரிக் குழாயால் முதுகுக்குத் தாங்கல் அமைக்கிறார்கள். பிறர் தூக்கிச் சென்ற பிள்ளை தான் விரும்பிய பக்கம் தானே போகிறது.

இரண்டாவது, பாடசாலைப் பை. மாணவர் தராசுடன் பாடசாலைக்குச் சென்று புத்தகப் பைகளை நிறுக்கிறார்கள். பை பிள்ளையின் நிறையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது அவர்கள் சொல்லும் கணக்கு. 30 கிலோ நிறையுள்ள பிள்ளைக்கு 3 கிலோ பை போதும்.

மூன்றாவது, முதியோர் வீடுகளைப் பார்வையிடல். வழுக்கும் பாய், வெளிச்சமற்ற படி, பிடிமானம் இல்லாத குளியலறை என விழுத்தக்கூடியவற்றைக் கண்டு திருத்த உதவுகிறார்கள்.

எம்மிடம் வந்தால் என்ன கேட்கலாம்?

ஒரு நாள் வந்து படம் எடுத்துக்கொண்டு போகும் சேவையை எம்மவர் நிறையவே கண்டுவிட்டனர். மாணவருக்குச் சான்றிதழ் கிடைக்கிறது. குடும்பத்துக்கு என்ன மிஞ்சுகிறது? ஆகவே எந்தத் துறை மாணவர் வந்தாலும் தயங்காமல் இவற்றைக் கேளுங்கள்:

1. உங்களுக்குப் பொறுப்பான ஆசிரியர் அல்லது சிகிச்சையாளர் யார்? (மாணவர் தனித்துச் சிகிச்சை செய்வது முறையல்ல.)
2. மீண்டும் எப்போது வருவீர்கள்? நீங்கள் படிப்பு முடித்துப் போனபின் யார் வருவார்?
3. தரும் பொருள் உடைந்தால் இங்கே திருத்த முடியுமா?
4. இவர் என்ன வேலை செய்ய விரும்புகிறார் என்று இவரிடமே கேட்டீர்களா?

நாமே செய்யக்கூடியவை

யாரும் வரும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. விரல் மடங்காதவருக்குக் கரண்டிப் பிடியிலும் கத்திப் பிடியிலும் பழைய சைக்கிள் ரியூப்பைச் சுற்றித் தடிப்பாக்கலாம். பாரிசவாதத்தால் ஒரு கை இயங்காதவர் சட்டை போடும்போது இயங்காத கையை முதலில் நுழைக்கவேண்டும். கழற்றும்போது அதைக் கடைசியாக எடுக்கவேண்டும். பலகையில் துருப்பிடிக்காத இரண்டு ஆணிகளை அடித்து அதில் மரக்கறியைக் குத்தி நிறுத்தினால் ஒரு கையாலே வெட்டலாம். குனிய இயலாதவர், மேசை உயரத்தில் வைத்த பெட்டிகளில் கீரையும் மிளகாயும் பயிரிடலாம். செயற்கைக்கால் அணிபவர் தோல் சிவந்தாலோ புண்பட்டாலோ காலைக் கழற்றிவிட்டுச் சிகிச்சை நிலையத்துக்குப் போகவேண்டும்.

இளைஞர் கழகமோ மாதர் சங்கமோ மாதம் ஒரு வீட்டைப் பொறுப்பெடுத்தால் இவை கைகூடும். இத்துறையைக் கற்க விரும்பும் பிள்ளைகளுக்கும் நாட்டிலேயே வழியுண்டு. களனிப் பல்கலைக்கழகத்தின் றாகம மருத்துவ பீடத்தில் பட்டப்படிப்பு இருக்கிறது. உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் பிள்ளைகள் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலில் விபரம் பார்க்கலாம். மாற்றுத்திறனாளி ஒருவரோடு ஒரே கூரையின் கீழ் வளர்ந்த பிள்ளை இந்தப் படிப்புக்கு ஏற்கெனவே பாதி தயாரானவர் என்பது எமது எண்ணம்.

அந்த வெங்காயச் செய்கையாளரிடம் பிந்தியேனும் கேட்டோம். அயல் இளைஞர் வீட்டிலிருந்து தோட்டம் வரை கல்லும் கிரவலும் இட்டு இறுக்கிப் பாதை போட்டனர். வாய்க்கால் தலைப்பில் அவர் இருக்க ஒரு வாங்கும், நீண்ட பிடி போட்ட மண்வெட்டியும் தச்சர் செய்து கொடுத்தார். இப்போது அவர் அங்கிருந்தே தண்ணீர் மாறுகிறார். உரப்பைகளை இறக்கியாயிற்று, தோட்டத்துக்குப் போக அந்த நாற்காலியும் பயன்படுகிறது.