"பசிக்குது" என்று பிள்ளை திரும்பத் திரும்பச் சொல்லும்போது

சிறு பிள்ளைகள் உள்ள வீடுகளுக்குப் போகும்போது நாம் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு ஒன்று உண்டு. "எந்நேரமும் பசி, பசி என்கிறான். இப்போதுதான் ரொட்டி தின்றான். வயிற்றுக்குள் பேயா இருக்கிறது?" நோர்வூட், பொகவந்தலாவை, மஸ்கெலியாப் பக்கங்களில், காணியையும் வீட்டையும் இழந்து வந்து உறவினரின் லயக் காம்பராக்களிலும் தற்காலிகக் கொட்டில்களிலும் தங்கியிருக்கும் குடும்பங்களில் இந்த முறைப்பாட்டுடன் வெட்கமும் சேர்ந்துகொள்கிறது. மற்றவர் வீட்டு அடுப்படியில் நின்று பிள்ளை "பசிக்குது" என்றால் தாய்க்கு முகம் சுருங்கிப் போகிறது. அதனால் அதட்டல், சில வேளைகளில் அடியும் விழுகிறது.

அந்தப் பிள்ளை பொய் சொல்லவில்லை. பேராசை பிடித்தும் கேட்கவில்லை. பெரும்பாலும் அதன் வயிறு நிரம்பியிருக்கிறது, ஆனால் நிரப்பிய பொருள் நின்று பிடிக்கவில்லை. இதை விளங்கிக்கொண்டால் கையில் காசு குறைவாக இருக்கும்போதும் செய்யக்கூடியவை சில உண்டு.

சிறு வயிறு, பெரிய தேவை

பிள்ளையின் வயிறு அதன் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 30 மில்லிலீற்றர்தான் கொள்ளும். 10 கிலோ எடையுள்ள பிள்ளை என்றால் ஒரு நேரத்தில் 300 மில்லிலீற்றர், அதாவது ஒன்றரைத் தேநீர்க் கோப்பை அளவு. ஆனால் அந்தப் பிள்ளைக்கு ஒரு நாளைக்குத் தேவைப்படும் சக்தியோ தாய்க்குத் தேவையானதில் அரைவாசிக்குக் கிட்ட வரும். தாயின் உடலில் ஐந்தில் ஒரு பங்குதான் பிள்ளை. தேவை மட்டும் அரைவாசி. வளர்வதற்கும் ஓடி விளையாடுவதற்கும் மலைநாட்டுக் குளிரில் உடம்பைச் சூடாக வைத்திருப்பதற்கும் அது வேண்டும். ஆகவே பெரியவர்களைப் போல மூன்று நேரம் மட்டும் சாப்பிட்டு அந்தத் தேவையை நிறைவு செய்ய முடியாது.

இப்போது நமது வழக்கமான காலைச் சாப்பாட்டைப் பாருங்கள். கோதுமை மா ரொட்டி ஒன்று, சீனி போட்ட வெறுந்தேத்தண்ணி ஒரு கோப்பை. பிள்ளை முதலில் தேத்தண்ணியைக் குடிக்கிறது. வயிற்றில் பாதி இடம் போய்விட்டது. பிறகு ரொட்டியில் பாதியைத் தின்று போதும் என்கிறது. சீனியும் வெள்ளை மாவும் விரைவில் செரித்துவிடும். ஒன்றரை மணித்தியாலத்தில் மறுபடியும் பசி. தேத்தண்ணியில் உள்ள துவர்ப்புப் பொருள் உணவிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வதையும் தடுக்கிறது. உலகம் முழுவதற்கும் தேயிலை பறித்துக் கொடுக்கும் நமது வீடுகளில் பிள்ளைக்குப் பாலுக்குப் பதிலாகச் சாயத் தண்ணி போவது எப்போதும் எம் மனதை உறுத்துவதுண்டு. பெரியவர்கள் குடிக்கட்டும். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு அது வேண்டாம். சாப்பாட்டோடு சேர்த்து வேண்டவே வேண்டாம்.

ரொட்டியை விட்டுவிடச் சொல்லவில்லை. பருப்பு, பயறு, கௌபி, முட்டை, நெத்தலி, தேங்காய் ஆகியவற்றில் ஒன்றேனும் ரொட்டியோடு சேர்ந்தால் செரிமானம் மெதுவாகும், பசி தாமதித்து வரும். மாவு பிசையும்போது தேங்காய்ப்பூவைத் தாராளமாகச் சேர்க்கலாம். பிள்ளையின் சோற்றிலோ மசித்த உருளைக்கிழங்கிலோ ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெய் விட்டால் வயிற்றில் இடம் பிடிக்காமலே 40 கலோரி கூடுகிறது. நெத்தலியை வறுத்து இடித்துத் தூளாக்கி ஒரு போத்தலில் வைத்துக்கொண்டால் ஒவ்வொரு நேரமும் ஒரு சிட்டிகை போடலாம். கச்சானும் நல்லதுதான், ஆனால் இடித்தே கொடுக்க வேண்டும். முழுக் கச்சான் சிறு பிள்ளையின் மூச்சுக்குழாயை அடைத்துவிடும். பருப்பைத் தண்ணீராக வடித்துக் கொடுக்காமல் கட்டியாகக் கடைந்து கொடுங்கள். பருப்புத் தண்ணியில் பருப்பு இல்லை, தண்ணிதான் இருக்கிறது.

நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒன்பது மாதம் முதல் இரண்டு வயது வரை நாளுக்கு மூன்று நான்கு தடவை உணவும், இடையில் ஒன்றிரண்டு தடவை சிற்றுணவும், கூடவே தாய்ப்பாலும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசனை. இரண்டு வயதுக்குப் பின்பும் இந்த ஒழுங்கைத் தொடர்வது நல்லது. இடைநேர உணவுக்கு அவித்த உருளைக்கிழங்கு, வாழைப்பழம், அவித்த கௌபி போதும். கடையில் தொங்கும் பாக்கெட் தின்பண்டத்துக்கும் டொபிக்கும் கொடுக்கும் காசைச் சேர்த்தாலே ஒரு முட்டை வரும். ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டுமே. அது அடிக்கடி பால் கேட்பது இயல்பு. தாய்க்குச் சாப்பாடு கிடைக்கிறதா என்பதை வீட்டில் மற்றவர்கள் பார்க்க வேண்டும்.

முகாமில் சமைத்த பார்சல் வரும் இடங்களில் வேறு ஒரு கஷ்டம். அது பெரியவர்களின் நேரத்துக்கு, பெரியவர்களின் உறைப்போடு வருகிறது. பிள்ளை இரண்டு வாய் தின்றுவிட்டு எழுந்து போய், ஒரு மணித்தியாலம் கழித்து அழுகிறது. உறைப்புக் கறி படாத சோற்றை முதலிலேயே பிரித்து மூடி வைத்துவிடுங்கள். அதை அன்றைக்கே, நன்றாகச் சூடாக்கிக் கொடுக்க வேண்டும். பிள்ளைக்கு ஒரு தனிக் கோப்பை இருக்கட்டும். ஒரே தட்டில் நாலு பேர் சாப்பிட்டால் சின்னவனுக்கு எவ்வளவு போனது என்று எவருக்கும் தெரியாது.

பயத்தால் வரும் பசியும் உண்டு

இரவில் மண்மேடு இடிந்த சத்தத்தைக் கேட்ட பிள்ளை, தன் வீடும் தன் கோழிகளும் இல்லாமல் போனதைக் கண்ட பிள்ளை, தனது பயத்தைச் சொல்லச் சொல் தெரியாமல் "பசிக்குது" என்கிறது. அந்தச் சொல்லுக்கு அம்மா திரும்பிப் பார்ப்பாள் என்பது அதற்குத் தெரியும். கொடுத்த உணவைக் கையில் வைத்துக்கொண்டு தின்னாமல் மடியிலேயே ஒட்டிக்கொண்டிருந்தால், உணவை ஒளித்து வைத்தால், பெரும்பாலும் இதுதான். உணவையும் கொடுங்கள், மடியையும் கொடுங்கள். அடுத்த சாப்பாடு எப்போது என்று சொல்லி வைப்பதும் உதவும்: "தேத்தண்ணி நேரத்தில் கிழங்கு தருவேன்" என்று சொன்னால் சொன்னபடி கொடுக்க வேண்டும். இயேசு யாயிரின் மகளை உயிர்ப்பித்தபின் அங்கிருந்தவர்களிடம் சொன்ன முதற்காரியங்களில் ஒன்று, சிறுமிக்கு உண்ணக் கொடுக்கும்படிதான்.

எல்லாவற்றையும் வயிற்றுப்பூச்சியின் தலையில் போடுவதும் வழக்கமாக இருக்கிறது. பூச்சி பிள்ளையின் சத்தைத் திருடும், இரத்தத்தையும் குறைக்கும். ஆனால் அது பெரும்பாலும் பசியை மந்தப்படுத்துமே தவிரக் கூட்டாது. பூச்சி மருந்தைக் கிளினிக்கில் சொல்லும் காலத்துக்குக் கொடுங்கள். கொடுத்துவிட்டோம் என்று உணவை மறந்துவிட வேண்டாம். மண், சுவர்ச் சுண்ணாம்பு, பச்சை அரிசி ஆகியவற்றைப் பிள்ளை விரும்பித் தின்றால் இரும்புச்சத்துக் குறைவாக இருக்கலாம். இரத்தம் சோதிக்கக் கேளுங்கள்.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய பசி ஒன்று உண்டு. நன்றாகச் சாப்பிட்டும் பிள்ளை மெலிந்துகொண்டே போகிறது. ஓயாமல் தண்ணீர் கேட்கிறது. அடிக்கடி சிறுநீர் கழிக்கிறது. நிறுத்தியிருந்த பிள்ளை மறுபடி படுக்கையை நனைக்கிறது. இது சிறுவர்க்கு வரும் நீரிழிவாக இருக்கலாம். வாந்தியும், ஆழ்ந்த வேகமான மூச்சும், சோர்வும் சேர்ந்தால் நாளைக்கு என்று வைக்காமல் அப்போதே டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

அதைப்போலவே, கேட்டுக்கொண்டிருந்த பிள்ளை கேட்பதையே நிறுத்திவிட்டாலும் கவனம் வேண்டும். "இப்போது தொந்தரவில்லை, பேசாமல் கிடக்கிறான்" என்று சில தாய்மார் ஆறுதலோடு சொல்கிறார்கள். கடும் போசாக்கின்மையில் பசியே செத்துப்போகும். பாதங்கள் வீங்கினால், விளையாட்டில் நாட்டமில்லாமல் போனால், மேற்கையின் சுற்றளவு 11.5 சென்ரிமீற்றருக்குக் குறைந்தால் அது ஆபத்து. அப்படிப்பட்ட பிள்ளைக்கு வீட்டில் திடீரென்று நிறைய ஊட்டக்கூடாது. வைத்தியர் மேற்பார்வையில் சிறிது சிறிதாகவே கொடுக்க வேண்டும்.

"நாங்கள் இப்படித்தான் வளர்ந்தோம்"

பெரியவர்கள் சிலர் இதையெல்லாம் கேட்டுச் சிரிப்பார்கள். 1973, 1974ஆம் ஆண்டுகளில் பங்கீட்டு அரிசியும் மாவும் குறைக்கப்பட்டபோது தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் ஏற்பட்டன. பிழைக்க வழியின்றிப் பலர் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் காடு வெட்டிப் பயிர் செய்தார்கள். அந்தக் காலத்தைத் தாண்டி வந்தவர்கள் "நாங்கள் வளரவில்லையா?" என்கிறார்கள். வளர்ந்தவர்கள்தான் அதைச் சொல்ல இருக்கிறார்கள், மற்றவர்கள் இல்லை. 2022இல் மாவின் விலை பல மடங்கு ஏறியபோது ரொட்டியும் சிறுத்தது, சாப்பாட்டு நேரங்களும் குறைந்தன. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலின் மழையில் மலைகள் சரிந்தபோது மரக்கறித் தோட்டங்களும் போயின.

இதன் அடையாளம் பிள்ளைகளின் உயரத்தில் தெரிகிறது. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட 100 பிள்ளைகளில் 17 பேர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். தோட்டப்புறத்தில் அது ஏறத்தாழ 32. ஆனால் உயரத்துக்கேற்ற எடையில்லாமல் மெலிந்திருக்கும் பிள்ளைகளின் பங்கு தோட்டங்களில் நாட்டின் சராசரியை விடக் கூடியதல்ல. அதாவது நமது பிள்ளை பார்வைக்கு எலும்பும் தோலுமாக இராது. சின்னதாக இருக்கும், அவ்வளவுதான். "அப்பனும் குட்டை" என்று சொல்லி விட்டுவிடுகிறோம். கண்ணால் பார்த்து முடிவு செய்ய முடியாது. நிறுத்தும் அளந்தும்தான் பார்க்க வேண்டும்.

இடம்பெயர்ந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள் பெரும்பாலும் தவறிப்போவது இந்த இடத்தில்தான். பழைய ஊரில் பதிவு இருக்கிறது. புதிய இடத்தில் நிறுப்பதில்லை. இப்போது நீங்கள் தங்கியிருக்கும் இடத்துக்குப் பொறுப்பான மருத்துவமாது, அதாவது மிட்வைப் மிஸ், யார் என்று பிள்ளை காம்பராவிலோ தோட்ட டிஸ்பென்சரியிலோ கேளுங்கள். தோட்டத்தில் பெயர் பதிந்த தொழிலாளியாக இருக்க வேண்டும் என்றில்லை. வளர்ச்சிப் பதிவேடு வெள்ளத்திலோ மண்ணிலோ போயிருந்தால் அதைச் சொல்லிப் புதியது கேளுங்கள். ஒவ்வொரு மாதமும் எடை பார்த்து, கோடு மேலே போகிறதா, படுத்துவிட்டதா என்று காட்டும்படி கேளுங்கள். எடை குறைந்த பிள்ளைக்குத் திரிபோஷ உண்டு. மாதம் 750 கிராம் பொதி இரண்டு என்றால் அது ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு 50 கிராம். 2022இல் சோளத் தட்டுப்பாட்டினால் அது ஒழுங்காக வரவில்லை. அதனால் பலர் கேட்பதையே விட்டுவிட்டார்கள். மறுபடி கேளுங்கள். கிடைத்தால் தேங்காய்ப்பூவோடு உருண்டை பிடித்து, பொதி யார் பெயரில் வந்ததோ அந்தப் பிள்ளைக்கே இடைநேரத்தில் கொடுங்கள். மற்றப் பிள்ளைகளுக்கும் பசி என்றால் அவர்களையும் அடுத்த கிளினிக் நாளில் கூட்டிக்கொண்டு போய் நிறுத்துப் பாருங்கள்.