பழைய கார் வாங்கப் போறீங்களா? பின்னால் இருக்கும் ‘டிஃபரென்ஷியல்’ எந்த வகைன்னு முதலில் பாருங்க!

அம்பாசிடர், பிரீமியர் பத்மினி, ஸ்டாண்டர்டு ஹெரால்டு... தாத்தா காலத்து காரை வாங்கி, சரிசெய்து ஓட்ட வேண்டும் என்ற ஆசை பலருக்கும் உண்டு. பெயின்ட், சீட், இன்ஜின் எல்லாவற்றையும் பார்த்துவிடுவோம். குனிந்தால் மட்டுமே கண்ணில் படும் ஒன்றை விட்டுவிடுவோம். அதுதான் பின்சக்கரங்களுக்கு நடுவே உருண்டையாக இருக்கும் இரும்புக் கூடு. டிஃபரென்ஷியல் இருப்பது அதற்குள்தான். எந்த வகை என்று தெரியாமல் உதிரி பாகம் வாங்கினால் காசு வீண். சில கார்களில் அது பாதுகாப்பு விஷயமும்கூட.

டிஃபரென்ஷியல் என்ன செய்கிறது?

சிதம்பரத்தில் தேர் கீழ வீதியிலிருந்து தெற்கு வீதிக்குத் திரும்புவதைப் பார்த்திருப்பீர்கள். உள்பக்கச் சக்கரம் கொஞ்சம்தான் நகரும். வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் சுற்றி வர வேண்டும். கார் திரும்பும்போதும் இதே கதைதான். ஆனால், காரில் இரண்டு பின்சக்கரங்களையும் ஒரே இன்ஜின் சுழற்ற வேண்டும். இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுழல வழிசெய்வதுதான் டிஃபரென்ஷியல்.

இதில் ஒரு சிக்கலும் இருக்கு. கீரப்பாளையம் பக்கம் நெல் வயலில் டிராக்டர் ஓட்டுபவர்களைக் கேட்டால் சொல்வார்கள். சேற்றில் மாட்டினால் ஒரு சக்கரம் வீணாகச் சுழலும், மற்றது அசையாது. சாதாரண ‘ஓப்பன்’ டிஃபரென்ஷியலின் குணம் அது. அப்போது ‘டிஃபரென்ஷியல் லாக்’ பெடலை மிதித்தால், இரண்டு சக்கரமும் சேர்ந்தே சுழன்று வண்டி வெளியே வந்துவிடும்.

சோதனை 1: குனிந்து பாருங்க

கூட்டின் பின்பக்கம் வழவழப்பாக மூடியிருந்து, போல்ட்டுகள் முன்பக்கம், அதாவது புரொபெல்லர் ஷாஃப்ட் வந்து சேரும் பக்கம் வட்டமாக இருந்தால் அது ‘பேஞ்சோ’ வகை. டிஃபரென்ஷியலை முன்பக்கமாகத்தான் கழற்றி எடுக்க முடியும். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3-ஐ அடிப்படையாகக் கொண்டு 1950-களின் இறுதியில் தொடங்கி, 2014 வரை தயாரான நம்ம அம்பாசிடர் இந்த ரகம்தான்.

பின்பக்கம் போல்ட் போட்ட தட்டு மூடி இருந்து, நடுக்கூட்டின் இருபுறமும் குழாய்கள் பொருத்தியிருந்தால் அது ‘சாலிஸ்பரி’ வகை. மூடியைக் கழற்றினால் உள்ளே பற்சக்கரங்கள் தெரியும். பழைய ஜீப்புகளின் பின்பக்கம் பார்த்தால் இந்த மூடி உடனே புரியும்.

காரின் பெயரை மட்டும் வைத்து முடிவு செய்யாதீங்க. பிரிட்டனின் எம்ஜிபி கார் 1962-ல் பேஞ்சோவுடன் வந்தது. அதே பெயரில் 1965-ல் வந்த ஜிடி மாடலில் குழாய் வகைதான் இருந்தது. கார் பெயர் ஒன்று, ஆனால் பாகம் வேறு!

நம்ம சென்னையிலேயே ஒரு உதாரணம்

மெட்ராஸின் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961 முதல் ஹெரால்டு கார்களைத் தயாரித்தது. இதன் டிஃபரென்ஷியல் சேஸியோடு நிலையாகப் பொருத்தப்பட்டிருக்கும். அதன் மேல் ஒரே ஒரு ஸ்பிரிங் பட்டைக் கட்டு குறுக்காகக் கிடக்கும். இரண்டு சக்கரங்களும் தனித்தனியே ஏறி இறங்கும். இதற்கு ‘ஸ்விங் ஆக்சில்’ என்று பெயர்.

அடுத்து 1972-ல் வந்த கெஸல் காரில் இதைக் கைவிட்டு, இரண்டு சக்கரங்களையும் ஒரே தண்டாக இணைக்கும் ஆக்சிலுக்கு மாறினார்கள். ஸ்விங் ஆக்சிலை இங்குள்ள மெக்கானிக்குகள் பலர் நம்பவில்லை என்பது இதற்கான காரணமாகச் சொல்லப்படுகிறது.

ஹெரால்டு வாங்குபவர்கள் ஒன்றை மனதில் வைக்கணும். வளைவில் வேகமாகப் போகும்போது சட்டென்று ஆக்ஸிலரேட்டரை விட்டால், காரின் பின்பகுதி மேலே எழும்பும். பின்சக்கரத்தின் அடிப்பகுதி உள்பக்கமாக மடங்கும், சாலையில் பிடிமானம் குறையும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள்.

சோதனை 2: சக்கரத்தைச் சுற்றிப் பாருங்க

சமதளத்தில் நிறுத்தி, முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்க. பின்பக்கம் இரண்டையும் தூக்கி, ஸ்டாண்டு வையுங்க. வெறும் ஜாக்கியை நம்பி அடியில் போகவே கூடாது. கியர் நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் விடுபட்டு இருக்கணும்.

ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். மற்றது எதிர்த்திசையில் சுற்றினால் ஓப்பன் டிஃபரென்ஷியல். அதே திசையில் சுற்றினால், சறுக்கலைக் கட்டுப்படுத்தும் ‘லிமிடெட் ஸ்லிப்’ வகையாக இருக்கலாம், அல்லது உள்ளே ஏதோ இறுகியிருக்கலாம். ஆனால், தேய்ந்துபோன லிமிடெட் ஸ்லிப்பும் எதிர்த்திசையில் சுற்றும். சந்தேகம் இருந்தால் திறந்து பார்ப்பதே வழி.

சோதனை 3: எண்ணிப் பாருங்க

ஓப்பன் வகை என்றால் ரேஷியோவையும் வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். டயரிலும் புரொபெல்லர் ஷாஃப்டிலும் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்க. ஒருவர் ஒரு பின்சக்கரத்தை அசையாமல் பிடித்துக்கொள்ள, மற்றவர் இன்னொரு சக்கரத்தை 20 முறை சுற்றட்டும். ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றியது என்று எண்ணி, 10-ஆல் வகுங்கள். ஒரு சக்கரம் மட்டும் 20 சுற்று சுற்றினால் உள்ளே இருக்கும் பெரிய பற்சக்கரமான கிரவுன் 10 சுற்றுதான் சுற்றும். அதனால்தான் இந்தக் கணக்கு.

ஷாஃப்ட் சுமார் 45.5 சுற்று வந்தால் ரேஷியோ 4.55. அதாவது, சிறிய பற்சக்கரமான பினியனில் 9 பல், கிரவுனில் 41 பல் இருந்தால் வரும் கணக்கு. எண் கூடினால் இழுவை அதிகம். எண் குறைந்தால் நெடுஞ்சாலையில் இன்ஜின் அலறாமல் ஓடும். ரேஷியோ மாறிய டிஃபரென்ஷியலைப் பொருத்தினால் ஸ்பீடோமீட்டரும் தப்பாகக் காட்டும்.

இதெல்லாம் எதற்கு?

கிரவுனும் பினியனும் ஜோடியாகவே உரசிப் பதப்படுத்தப்பட்டவை. ஒன்றை மட்டும் மாற்றினால் ஊளைச் சத்தம் வரும், சீக்கிரமே பல் தேயும். மாற்றினால் ஜோடியாகத்தான் மாற்றணும். அடுத்தது ஆயில். பற்கள் ஒன்றின்மீது ஒன்று சறுக்கி அழுத்தும் ‘ஹைபாய்டு’ வகைக்கு அந்த அழுத்தத்தைத் தாங்கும் கியர் ஆயில் தேவை. காரின் கையேட்டில் சொன்ன தரத்தையே ஊற்றுங்க. மிச்சம் இருக்கும் இன்ஜின் ஆயிலை ஊற்றிச் சமாளிக்கும் வேலை வேண்டாம்.

உதிரி பாகக் கடைக்குப் போகும் முன், மொபைலில் மூன்று படங்கள் எடுத்துக்கொள்ளுங்க: கூட்டின் முன்பக்கம், பின்பக்கம், ஸ்பிரிங் அமைப்பு. கூடவே நீங்கள் எண்ணிய ரேஷியோ. கடைக்காரர் “எந்த கார்?” என்று கேட்டால், காரின் பெயரோடு இந்த நான்கையும் காட்டுங்கள்.