பரண்மேல் உறங்கும் பாட்டு

பிழைப்பை நாடி டில்லிக்கும் நாக்பூருக்கும் மும்பைக்கும் வந்து குடியேறிய நம்மவர் இல்லங்களில், பரண்மேல் ஒரு பெட்டி கேசட்டாவது இல்லாதிருப்பது அரிது. கடையில் வாங்கியவை மட்டுமல்ல; திருமணத்து நாதஸ்வரமும், மார்கழி பஜனையும், காலஞ்சென்ற பாட்டியின் தாலாட்டும் அவற்றுள் அடங்கிக் கிடக்கின்றன. மாதச் சந்தா பெற்று இணையவழிப் பாட்டு வழங்கும் கம்பெனிகளிடம் பல லட்சம் பாட்டுக்கள் இருக்கலாம். நம் பாட்டியின் தாலாட்டு அங்கே இராது. சந்தா நின்றால் மற்றவையும் நின்றுவிடும்.

ஆதலின், நம் பாட்டை நாமே வீடெங்கும் ஒலிக்கச் செய்யும் வழியொன்றைக் கூறுவோம். குமாஸ்தா சம்பளத்திற்கும் அது கட்டுப்படியாகும்.

2012-ஆம் ஆண்டில் இங்கிலாந்திலிருந்து ராஸ்ப்பெரி பை என்னும் சிறு கணினி விற்பனைக்கு வந்தது. சீட்டுக்கட்டின் அளவே இருக்கும். அதன் மூன்றாம், நான்காம் வகைகளில் வைஃபையும் ஒலிக்கம்பி செருகும் துளையும் உண்டு. ஐந்தாம் வகையில் அத்துளை இல்லை. வீட்டிலுள்ள பழைய ஸ்டீரியோவை அதனுடன் இணைத்தால் போதும். லிரியன், பைகோர்பிளேயர் என்னும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. பின்னது கணினியின் நினைவகத்திலேயே இயங்குவதால், திடீரென மின்சாரம் போனாலும் பழுதாவதில்லை. நம் ஊர்களுக்கு இது பெரிய சௌகரியம். எந்த அறையில் எந்தப் பாட்டு என்பதைக் கைபேசியிலிருந்தே கட்டளையிடலாம்.

கருவி எளிது, கேசட்டை மாற்றுவதே பொறுமைக்குரிய வேலை. முதலில் கேசட்டின் விளிம்பிலுள்ள இரு பிளாஸ்டிக் நாக்குகளை ஒடித்துவிட வேண்டும். பிறகு எவரேனும் பதிவுப் பொத்தானைக் கைதவறி அழுத்தினாலும் பழைய ஒலி அழியாது. டேப்பின் தலைப்பகுதியை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தோய்த்த பஞ்சால் துடைத்த பின்னரே நாடாவை ஓட விடுக. மடிக்கணினியின் மைக் துளை பெரும்பாலும் ஒற்றைத் தடத்தையே ஏற்கும். ஆகையால் ‘லைன் இன்’ உள்ள யூஎஸ்பி ஒலி அட்டை ஒன்று தேவை. ஆடாசிட்டி என்னும் இலவச மென்பொருள் ஒலியைப் பதிவு செய்துவிடும். அறுபது நிமிஷக் கேசட்டுக்கு அறுபது நிமிஷம் பிடிக்கும். பாசஞ்சர் வண்டியை எக்ஸ்பிரஸ் ஆக்க இங்கே வழியில்லை.

ஃபிளாக் என்னும் வடிவில் சேமித்தால், ஒலி சிறிதும் குறையாமல் இடம் ஏறக்குறையப் பாதியாகும். 500 ஜிகாபைட் வட்டில் ஆயிரம் கேசட்டுக்கு மேல் அடங்கும். மற்றொரு பிரதியை வேறூரிலுள்ள உடன்பிறந்தார் வீட்டில் வைப்பது நலம்.

பெயரிடும் வேலையை மட்டும் வீட்டுப் பெரியவர்களிடம் இப்பொழுதே ஒப்படைத்துவிடுக. எவர் திருமணம், எந்த ஆண்டு, நடுவே இருமியவர் யார் என்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும்.