எடுத்துக்கொண்டு போவதும் திருடிக்கொண்டு போவதும்

நூலக வாசிப்பறையில் ஒருவர் எழுந்து, மேசை மேல் விரிந்திருந்த மடிக்கணினியை மூடுகிறார். சார்ஜர் ஒயரைப் பிடுங்கிச் சுருட்டுகிறார். இரண்டையும் பைக்குள் வைத்து, ஜிப்பை இழுத்துவிட்டு வெளியே நடக்கிறார். இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்திருப்பவருக்கு இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? சொந்தக்காரர் என்றாலும் இதைத்தான் செய்வார், திருடன் என்றாலும் இதையேதான் செய்வான். பைக்கைத் திருடுபவன் சைடு லாக்கை உடைக்க வேண்டும். சங்கிலி பறிப்பவன் கழுத்தில் கை வைக்க வேண்டும். பெரும்பாலான திருட்டுகளில் பார்க்கிறவர்களுக்குக் காட்டிக்கொடுக்கும் ஏதோ ஒரு அசைவு இருக்கும். மடிக்கணினித் திருட்டில் அது இல்லை. எங்கும் எடுத்துப் போவதற்கென்றே செய்த பொருள் என்பதால், அதை எடுத்துப் போகிற எவரைப் பார்த்தாலும் இயல்பாகத்தான் தெரியும். பொது இடத்தில் இதற்குப் பூட்டு எதற்கு என்று கேட்பவர்கள் கவனிக்க வேண்டியது இந்த இயல்பைத்தான். பூட்டின் இரும்பு எவ்வளவு தடிமன் என்பதெல்லாம் அப்புறம்.

குற்றவியல் அறிஞர் ரொனால்ட் கிளார்க், பிரிட்டன் உள்துறை அமைச்சகத்துக்காக 1999-இல் எழுதிய அறிக்கையில், திருடர்கள் சில பொருள்களை மட்டும் ஏன் தேடிப் போகிறார்கள் என்று ஆராய்ந்தார். மறைத்து வைக்கலாம், பெயர்த்தெடுக்கலாம், கைக்கெட்டும் இடத்தில் கிடைக்கும், விலை போகும், வைத்திருப்பவருக்கு இன்பம் தரும், சுலபமாகக் கைமாற்றலாம் என்று ஆறு குணங்களை அவர் பட்டியலிட்டார். மடிக்கணினிக்கு ஆறுமே பொருந்துகின்றன. இதில் பயன்படுத்துபவர் கையில் இருப்பது எது? விலையைக் குறைக்க முடியாது, இன்பத்தையும் குறைக்க முடியாது. வெளியே எடுத்து வேலை பார்க்காவிட்டால் வாங்கியதே வீண். மிச்சமிருப்பது இரண்டாவது குணம்தான், அதாவது பெயர்த்தெடுப்பதைக் கடினமாக்குவது. இந்த ஒன்றில் கைவைக்கும் கருவிதான் கேபிள் பூட்டு.

அமெரிக்காவின் கென்சிங்டன் நிறுவனம் 1992-இல் மைக்ரோசேவர் என்ற பெயரில் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. கணினியின் பக்கவாட்டில், சார்ஜர் துளைக்கோ யுஎஸ்பி துளைக்கோ அருகில், எதையும் செருக இடமில்லாததுபோல் ஒரு சின்னச் சந்து இருக்கும். அகலம் 7 மில்லிமீட்டர், உயரம் 3 மில்லிமீட்டர். பல வருடம் கணினி வைத்திருந்தும் அது எதற்கென்று தெரியாதவர்கள் ஏராளம். பூட்டின் முனையில் ஆங்கில ‘டி’ எழுத்து வடிவில் ஒரு உலோகத் தலை நீட்டிக்கொண்டிருக்கும். அதைப் படுக்கைவாட்டில் சந்துக்குள் நுழைத்துக் கால் வட்டம் திருப்பினால் தலை உள்ளே நிமிர்ந்து நின்றுவிடும். சந்தின் உயரம் வெறும் 3 மில்லிமீட்டர் என்பதால் இனி வந்த வழியே வெளியேற முடியாது. தலை மறுபடி திரும்பிவிடாதபடி அதன் இரு பக்கமும் இரண்டு சிறு ஊசிகள் முன்னால் வந்து சந்தை அடைத்துக்கொள்ளும். சாவி போட்டால்தான் ஊசிகள் பின்வாங்கும். பூட்டிலிருந்து புறப்படும் எஃகுக் கம்பிவடம் பெரும்பாலும் ஆறடி நீளம் இருக்கும், மேலே பிளாஸ்டிக் உறை. அதன் மறுமுனையில் ஒரு வளையம். வடத்தை மேசையின் குறுக்குச் சட்டத்தில் சுற்றி, பூட்டை அந்த வளையத்துக்குள் நுழைத்து இழுத்தால் சுருக்கு விழும். கட்டி முடிக்க அரை நிமிடம் ஆகாது.

இது திருட்டைத் தடுத்துவிடும் என்று சொல்லி விற்பவர்கள் கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறார்கள். இதன் வேலை வேறு. பூட்டிய கணினியை எடுக்க நினைப்பவன் குனிய வேண்டும், கருவி எடுக்க வேண்டும், அல்லது பலம் கொண்டமட்டும் இழுக்க வேண்டும். மேசை கிரீச்சிடும், நாலு தலை திரும்பும். முறித்து எடுத்தாலும் சந்தைச் சுற்றிய உடல் பிய்ந்திருக்கும். திருட்டுப் பொருள் என்ற முத்திரையோடுதான் அதை விற்க வேண்டும். சொந்தக்காரர் செய்யவே செய்யாத ஒரு காரியத்தைச் செய்தால் மட்டுமே கணினி கிடைக்கும் என்ற நிலையைப் பூட்டு உண்டாக்குகிறது. ரயிலில் லோயர் பெர்த்துக்கு அடியில் இருக்கும் இரும்பு வளையத்தில் சங்கிலி போட்டுப் பெட்டியைப் பூட்டுகிறோமே, அதுவும் இதே கணக்குதான். அந்தச் சங்கிலியை அறுக்கவே முடியாது என்று யாரும் நம்பவில்லை. நள்ளிரவில், ஆட்கள் தூங்கும் பெட்டியில், சத்தமில்லாமல் அறுக்க முடியாது என்பதே போதுமானதாக இருக்கிறது. லாரன்ஸ் கோஹன், மார்கஸ் ஃபெல்சன் என்ற இரு சமூகவியலாளர்கள் 1979-இல் சொன்ன கருத்து இங்கே பொருந்தும்: திருட நினைக்கும் ஆள், தோதான பொருள், தட்டிக் கேட்க ஆளில்லாத நிலை ஆகிய மூன்றும் ஓரிடத்தில் கூடும்போதுதான் குற்றம் நடக்கிறது. தட்டிக் கேட்கக்கூடிய ஆட்கள் பொது இடத்தில் நிறையவே இருக்கிறார்கள். தாங்கள் பார்ப்பது திருட்டு என்று அவர்களுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

இதற்கு எதிராக முதலில் வரும் வாதம், பூட்டையே சுலபமாகத் திறந்துவிடலாமே என்பது. உண்மைதான், அதற்கு வரலாறே இருக்கிறது. வட்டச் சாவி போடும் பூட்டுகளில் ஊசிகள் நேர்வரிசையில் இல்லாமல் வளையமாக நிற்கும், பெரும்பாலும் ஏழு. 2004-இல், இதே அமைப்பில் செய்த கிரிப்டோனைட் சைக்கிள் பூட்டுகளை ஒரு மலிவான பால்பாயின்ட் பேனாவின் குழலைச் செருகி, அழுத்தித் திருகியே திறக்கலாம் என்று இணையத்தில் வீடியோ பரவியது. மென்மையான பிளாஸ்டிக், ஊசிகளின் அழுத்தத்தில் தானே சாவியின் வடிவத்துக்கு வந்துவிடுகிறது. நிறுவனம் பூட்டுகளைத் திரும்பப் பெற்று மாற்றித்தர வேண்டியதாயிற்று. மடிக்கணினிப் பூட்டுகளும் தப்பவில்லை. டாய்லெட் பேப்பர் உருளையின் அட்டையைச் சுருட்டியே சிலவற்றைத் திறந்து காட்டினார்கள். எண் பூட்டில் நான்கு சக்கரம் என்றால் பத்தாயிரம் சேர்க்கைகள் என்று பெருமையாகச் சொல்வார்கள். ஆனால் மலிவான சக்கரங்களைத் திருப்பும்போது விரலுக்குத் தட்டுப்படும் சிறு தடங்கலே பல சமயம் எண்ணைச் சொல்லிவிடும். கடையிலிருந்து வந்த 0000-ஐ மாற்றாமலே விட்டுவைத்தால் பத்தாயிரமும் ஒன்றாகிவிடும். இவ்வளவையும் ஒப்புக்கொண்டாலும், அட்டையைச் சுருட்டிப் பூட்டில் திருகிக்கொண்டிருக்கும் ஒருவரைப் பார்த்து ‘தன் கணினியை எடுத்து வைக்கிறார்’ என்று யாரும் நினைக்க மாட்டார்கள். திறக்க அரை நிமிடம் போதும் என்றால், அந்த அரை நிமிடமும் அவன் திருடனாகத்தான் தெரிவான். ஆளில்லாத அறையில் இரவெல்லாம் விட்டுப் போகிற கணினிக்கு இந்தப் பதில் செல்லாது. அங்கே வடத்தை நம்புவது வீண். அதை அலமாரிக்குள் வைத்துப் பூட்ட வேண்டும்.

வடத்தை வெட்டலாம் என்பது அடுத்த வாதம். போல்ட் கட்டர் இருந்தால் ஒரே கடியில் முடியும். கட்டிங் பிளேயர் என்றால் இழை இழையாகக் கடித்துக்கொண்டிருக்க வேண்டும். உண்மையில் திருடன் வெட்டும் அளவுக்குப் போகவேண்டியதே இல்லை, ஏனென்றால் பலரும் வடத்தைக் கட்டியிருக்கும் இடம் அப்படி. ஒற்றைக் காலில் நிற்கும் காபிக்கடை மேசையில் சுற்றியிருப்பார்கள். மேசையைச் சாய்த்து அடிவழியாக வடத்தை உருவிவிடலாம். நாற்காலியில் கட்டுவார்கள், நாற்காலியே நகரும். மேசைக் காலில் மேலே ஒரு சுற்றுப் போட்டுவிடுவார்கள், அது வழுக்கிக்கொண்டு தரைக்கு வந்துவிடும். வடம் எவ்வளவு உறுதியானாலும் அதைப் பிடித்திருக்கும் பொருளைவிட உறுதியாகாது. நான்கு பக்கமும் மூடிய சட்டம், சுவரில் பதித்த குழாய், தரையில் போல்ட் போட்டு இறுக்கிய பெஞ்சு ஆகியவை நல்ல பிடிமானங்கள். இவை எதுவும் கிடைக்காத இடத்தில் பூட்டோடு மல்லுக்கட்டுவதைவிட, டீ வாங்கப் போகும்போது கணினியையும் கையோடு எடுத்துப் போவது உத்தமம். கழிவறைக்குப் போகும்போதும் அப்படியே.

பூட்டெல்லாம் எதற்கு, பக்கத்தில் இருப்பவரிடம் ‘கொஞ்சம் பாத்துக்கோங்க’ என்று சொல்லிவிட்டுப் போகலாமே என்பார்கள். நம்மூரில் முன்பின் தெரியாதவரிடம்கூடத் தயங்காமல் இப்படிச் சொல்வோம். இந்தப் பழக்கத்தை ஏளனம் செய்ய முடியாது. உளவியலாளர் தாமஸ் மோரியார்ட்டி 1975-இல் வெளியிட்ட ஆய்வுக்காக நியூயார்க் பக்கத்துக் கடற்கரை ஒன்றில் ஒரு சோதனை நடந்தது. ஒருவர் தன் ரேடியோவை விட்டுவிட்டு எழுந்து போவார், சற்று நேரத்தில் ‘திருடன்’ வந்து அதை எடுத்துப் போவான். எதுவும் சொல்லாமல் போனபோது, அருகில் இருந்த இருபது பேரில் நான்கு பேர்தான் தடுத்தார்கள். ‘பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லிவிட்டுப் போனபோது இருபதில் பத்தொன்பது பேர். மனிதரின் கவனத்துக்கு இவ்வளவு பலம் உண்டு. நெதர்லாந்தில் இரண்டு பல்கலைக்கழகங்களில் நடந்த கணினித் திருட்டுகளை அலசி, மாணவர்களையே திருடர்களாக அனுப்பியும் சோதித்த ட்வென்டே பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 2010-இல் ஏறத்தாழ இதே முடிவுக்குத்தான் வந்தார்கள். கேமராவும் நுழைவுக் கட்டுப்பாடும் குறைவாகவே உதவின, அங்கே பணிபுரிவோரின் விழிப்பே திருட்டைத் தடுத்தது. ஆனால் பார்த்துக்கொள்ளச் சொன்னவரை ஏமாற்ற ஒரே ஒரு பொய் போதும்: ‘அவங்க ஃப்ரெண்டுதான், எடுத்துட்டு வரச் சொன்னாங்க.’ இதைக் கேட்டபின் தடுப்பதற்கு நல்ல மனிதருக்கும் கூச்சமாக இருக்கும். கணினி பூட்டியிருந்தால் இந்தப் பொய் எடுபடாது. எடுத்துவரச் சொன்னவர் சாவியையும் கொடுத்தனுப்பியிருப்பாரே! பூட்டும் பக்கத்து மேசைக்காரரும் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல. பக்கத்து மேசைக்காரருக்குச் சந்தேகப்படும் துணிச்சலைப் பூட்டு தருகிறது.

கணினித் துறையில் இருப்பவர்கள் சொல்லும் வாதம் இன்னும் கனமானது: பெட்டி போனால் போகட்டும், உள்ளே இருக்கும் தகவல்தான் முக்கியம், அதைக் குறியாக்கம் செய்து வைத்தால் போதும். தகவல் முக்கியம் என்பதற்கு 2006-ஆம் ஆண்டு சம்பவமே சாட்சி. அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் நலத்துறை ஊழியர் ஒருவரின் வீட்டிலிருந்து மடிக்கணினியும் வெளி வட்டும் களவு போயின. அவற்றில் சுமார் 2 கோடியே 65 லட்சம் பேரின் விவரங்கள் குறியாக்கம் இல்லாமல் இருந்தன. கருவிகள் திரும்பக் கிடைத்தன, தகவலை யாரும் தொடவில்லை என்று எஃப்பிஐ சொன்னது; அப்படியும் வழக்கை முடிக்க அரசு 2 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. எனவே குறியாக்கம் கட்டாயம் வேண்டும், அதில் வாதமே இல்லை. ஆனால் அது மூடிய கணினிக்குத்தான் கவசம். 2013 அக்டோபர் 1 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவின் கிளென் பார்க் நூலகத்தில், சில்க் ரோடு கள்ளச் சந்தையை நடத்திய ராஸ் உல்பிரிக்ட்டை எஃப்பிஐ கைது செய்த விதத்தைப் பாருங்கள். அவர் முதுகுக்குப் பின்னால் இருவர் காதலர்கள்போல் சண்டை போட்டார்கள், அவர் திரும்பிப் பார்த்தார், அந்தக் கணத்தில் திறந்திருந்த கணினி கைமாறியது. கடவுச்சொல்லை உடைக்கும் வேலையே வரவில்லை. அங்கே எடுத்தது காவல்துறை. ஆனால் கவனத்தைத் திருப்பி எடுக்கும் உத்தி எந்தத் திருடனுக்கும் தெரிந்ததே. பின்னாளில் வந்த பஸ்கில் என்ற கருவி இந்த ஓட்டையை அடைக்கிறது. காந்தத்தால் ஒட்டிய யுஎஸ்பி வடத்தை உடலோடு இணைத்துக்கொண்டால், கணினியை யாராவது இழுத்த மறுகணம் இணைப்பு விட்டுப்போய்த் திரை தானே பூட்டிக்கொள்ளும். இதையெல்லாம் தாண்டி இன்னொன்றும் உண்டு. ‘பெட்டி போனால் போகட்டும்’ என்பது மறுநாளே புதுப் பெட்டி வாங்கித் தரும் நிறுவனத்தின் பேச்சு. அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினியில் ப்ராஜெக்ட் ரிப்போர்ட் எழுதும் மாணவிக்குக் குறியாக்கம் அந்தப் பெட்டியைத் திருப்பித் தராது.

சொந்தக்காரர் எதிரிலேயே உட்கார்ந்திருக்க, பறித்துக்கொண்டு ஓடுவது வேறு வகை. வினாடிக் கணக்கில் நடக்கும் அந்தத் திருட்டில் கேபிள் பூட்டு மிக நன்றாக வேலை செய்கிறது, ஏனெனில் இழுத்த கணினி வராவிட்டால் நின்று அவிழ்க்க அவனுக்கு நேரமில்லை. 2019-இன் கடைசி நாளில் கலிஃபோர்னியாவின் ஓக்லாந்தில், காபிக்கடையில் பறிபோன தன் கணினிக்காகத் திருடர்களின் காரைத் துரத்திய ஓர் இளைஞர் உயிரையே இழந்தார். துரத்த வேண்டிய நிலையே வராதிருப்பதுதான் பூட்டின் பெரிய லாபம். பூட்டின் வடத்தைத் தன் கையிலோ இடுப்பிலோ கட்டிக்கொள்ள மட்டும் கூடாது. பூட்டு முறியவில்லை என்றால் ஆள் விழுவார்.

கணினிகள் மெலிந்துகொண்டே வர, சந்துக்கு இடமில்லாமல் போகிறது. மேக்புக் ஏரில் அது எப்போதும் இருந்ததில்லை. 2012-இல் வந்த ரெட்டினா திரை மேக்புக் ப்ரோவும் அதைக் கைவிட்டது. வேறு பல கணினிகள் 6-க்கு 2.5 மில்லிமீட்டர் அளவுள்ள நானோ சந்துக்கு மாறிவிட்டன. பழைய பூட்டு அதில் நுழையாது. ஆகவே பூட்டு வாங்கும் முன் சந்தை அளந்து பார்ப்பது நல்லது. சந்தே இல்லையென்றால் அடியில் ஒட்டும் உலோகத் தகடு கிடைக்கிறது. எல்லாம் செய்தும் கணினி போய்விட்டால், தொலைந்த கைப்பேசிக்கு இருக்கும் வசதி இதற்கு இல்லை. கைப்பேசியை அதன் ஐஎம்இஐ எண்ணைக் கொண்டு அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் நாடு முழுதும் முடக்கலாம். பெரும்பாலான மடிக்கணினிகளுக்கு அப்படிப்பட்ட எண் இல்லை. காவல் நிலையத்தில் கேட்கும் அடையாளம் சீரியல் நம்பர். அதுவோ பெரும்பாலும் கணினியின் அடிப்பக்கத்தில் அச்சாகி, கணினியோடே போய்விடும். வாங்கிய அன்றே அதைப் படமெடுத்து, பில்லோடு சேர்த்துத் தனக்குத் தானே மெயில் அனுப்பி வைத்திருப்பவரிடம்தான் எஃப்ஐஆரில் எழுத ஏதாவது இருக்கும்.