மூடுவதற்கு முன் ஒரு பார்வை

அமெரிக்கக் கிராமப்புறத்தில் நிலம் வாங்கி வீடு கட்ட நினைப்பவர் பெர்மிட் என்னும் கட்டட அனுமதிக்காக முதலில் போய் நிற்க வேண்டிய இடம் கவுண்டி அலுவலகம். கவுண்டி என்பது மாநிலத்துக்கு அடுத்த நிர்வாகப் பிரிவு. நாடு முழுக்க 3,100-க்கு மேல் உள்ளன. நகர எல்லைக்கு வெளியே கிடக்கும் காடு கழனியெல்லாம் பெரும்பாலும் அதன் பொறுப்பில்தான் வரும்.

நாடு முழுமைக்கும் ஒரே கட்டட விதி அங்கே கிடையாது. வீடுகளுக்கான மாதிரி விதித்தொகுப்பு ஒன்று 2000-ல் வந்தது. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அது திருத்தப்படுகிறது. அதை எந்த அளவுக்கு ஏற்பது என்பது மாநிலத்தின் விருப்பம், சில இடங்களில் கவுண்டியின் விருப்பம். மொன்டானா மாநிலத்தின் பல கிராமப் பகுதிகளில் சிறு வீடுகளுக்கு மாநிலக் கட்டட விதி பொருந்தாது. ஆனால் மின்சார வேலைக்குத் தனி அனுமதி வேண்டும். ஆகவே ஆற்றுக்கு இந்தக் கரையில் கட்டாயமாக இருப்பது அந்தக் கரையில் கேட்பாரற்றுப் போகலாம்.

கட்டட வரைபடத்துக்கு முன்பே ஒரு சோதனை இருக்கிறது. கிராமத்தில் பாதாளச் சாக்கடை இல்லை, செப்டிக் டேங்க்தான். அதிலிருந்து வழியும் நீரை அந்த மண் உறிஞ்சுமா என்று பார்க்க வேண்டும். நிலத்தில் குழிகள் தோண்டி, தண்ணீர் ஊற்றி ஊறவிட்டு, நீர்மட்டம் ஓர் அங்குலம் இறங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று கணக்கெடுப்பார்கள். களிமண் பூமியில் நீர் லேசில் இறங்காது. மணற்பாங்கான பூமியில் மளமளவென்று இறங்கிக் கிணற்று நீரைக் கெடுத்துவிடலாம். இரண்டுமே சிக்கல். இந்தச் சோதனையில் தேறாத மனையில், செலவு கூடிய வேறு ஏற்பாடு செய்யாமல் வீடு எழும்பாது. நிலத்துக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே இதை முடித்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

பிறகு மனை வரைபடம், வெள்ள அபாய வரைபடம், சாலையிலிருந்து வீட்டுக்கு வழி, கட்டணம் என்று வரிசையாக வரும். பெர்மிட் கையில் வந்த 180 நாளுக்குள் வேலை தொடங்காவிட்டால் அது காலாவதி என்கிறது மாதிரி விதித்தொகுப்பு.

பெர்மிட் வெறும் தொடக்கம்தான். உண்மையான காவல் அதற்குப் பின் வரும் ஆய்வுகளில் இருக்கிறது. அவற்றின் வரிசையைக் கவனித்தால் ஒரே நோக்கம் புரியும்: எது மூடப்படப்போகிறதோ, அதை மூடுவதற்கு முன் ஒருவர் கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

முதல் ஆய்வு அஸ்திவாரத்துக்கு. வானம் தோண்டி, கம்பி கட்டி, கான்கிரீட் போடாமல் காத்திருக்க வேண்டும். பள்ளத்தின் ஆழம் போதுமா, அடியில் இளகிய மண் கிடக்கிறதா, மண்ணுக்கும் கம்பிக்கும் இடையே மூன்று அங்குல இடைவெளி இருக்கிறதா என்று ஆய்வாளர் பார்ப்பார். ஆழம் ஊருக்கு ஊர் மாறும். மின்னசோட்டாவின் வடபகுதியில் ஐந்தடி தோண்ட வேண்டும். குளிர்காலத்தில் நிலத்தடி ஈரம் உறைந்து உப்பி வீட்டையே தூக்கிவிடும் என்பதால் உறைநிலை எட்டாத ஆழத்துக்குப் போகிறார்கள்.

இந்த இடத்தில்தான் கிராமத்தின் கஷ்டம் தெரியும். ரெடிமிக்ஸ் கான்கிரீட்டை வழக்கமாக ஒன்றரை மணி நேரத்துக்குள் கொட்டியாக வேண்டும். லாரி தொலைவிலிருந்து வர வேண்டும். ஆய்வாளரோ பரந்த பரப்புக்கு ஓரிருவர்தான். அவர் வரும் நாளும் லாரி வரும் நாளும் பொருந்தாவிட்டால் கூலியும் வாடகையும் வீண். அந்த எரிச்சல் நியாயமானது. அதற்காக ஆய்வைத் தாண்டிக் கான்கிரீட்டைக் கொட்டினால், உடைத்துக் காட்டச் சொல்லும் அதிகாரம் ஆய்வாளருக்கு உண்டு. முந்தைய நாளே ஆய்வை முடித்து, மறுநாளுக்கு லாரி சொல்வதே வழி.

அடுத்த பெரிய ஆய்வு, சுவரில் ஜிப்சம் பலகை அடிப்பதற்கு முன்பு. அங்கே பெரும்பாலும் மரச்சட்ட வீடுகள். பிளம்பர் குழாய்க்காகச் சட்டத்தை வெட்டுவார். பாரம் தாங்கும் சட்டத்தில் அகலத்தின் கால் பங்குக்கு மேல் வெட்டக்கூடாது. மின்கம்பி போகும் துளை, சட்டத்தின் விளிம்பிலிருந்து ஒன்றேகால் அங்குலத்துக்குள் வந்தால் அதன்மேல் ஓர் இரும்புத் தகடு அடிக்க வேண்டும். இல்லாவிட்டால் பலகையில் ஏற்றும் ஸ்க்ரூ கம்பியைக் குத்திவிடும். அது அன்றே தெரியாமல் போகலாம். பல வருடம் கழித்துச் சுவருக்குள் தீப்பொறியாக வெளிப்படலாம். கழிவுக் குழாய்களின் வாயை அடைத்துத் தண்ணீரோ காற்றோ ஏற்றி, கால் மணி நேரம் கசிகிறதா என்று பார்ப்பதும் இந்தக் கட்டத்தில்தான்.

கடைசி ஆய்வில் புகை எச்சரிக்கைக் கருவி, மாடிப்படிக் கைப்பிடி, படுக்கையறையிலிருந்து ஆள் வெளியேறும் அளவுக்கு ஜன்னல் எல்லாம் பார்ப்பார்கள். தேறினால் குடியேறும் சான்று கிடைக்கும்.

"என் நிலம், என் வீடு, இதில் அரசுக்கு என்ன வேலை?" என்ற குரல் அந்தக் கிராமங்களில் வலுவாக ஒலிக்கிறது. தன் கையால் கட்டித் தானே வாழ்கிறவரின் உணர்வு எனக்குப் புரிகிறது. ஆனால் வீடு கைமாறும். பின்னால் வாங்குகிறவர் சுவரைப் பெயர்த்துப் பார்த்து வாங்க முடியாது. விதி ஏட்டில் இருந்து ஆய்வு தளர்ந்தால் என்ன ஆகும் என்பதை 1992 ஆகஸ்டில் தெற்கு ஃப்ளோரிடாவைத் தாக்கிய ஆண்ட்ரூ புயல் காட்டியது. கூரைப் பலகையை அடித்த ஆணிகள் கீழே இருந்த சட்டத்தில் இறங்காமலே போயிருந்த வீடுகள் அப்போதுதான் வெளிச்சத்துக்கு வந்தன. அதன் பிறகே, 2002-ல், மாநிலம் முழுமைக்கும் ஒரே கட்டட விதி நடைமுறைக்கு வந்தது.

இந்தப் பாடம் நமக்கும் பொருந்தும். தமிழ்நாட்டில் 2024 ஜூலையில் தொடங்கிய சுயசான்றுத் திட்டம், 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீட்டுக்கு இணையவழியில் உடனடி அனுமதி தருகிறது. முன் ஆய்வும் இல்லை, பணி நிறைவுச் சான்றும் தேவையில்லை. அலைச்சல் குறைந்தது பெரிய நன்மை. ஆனால் மூடுவதற்கு முன் பார்க்கும் பொறுப்பு இப்போது வீட்டுக்காரர் தலையில் இருக்கிறது. கம்பி கட்டி முடித்த அன்றே, கொத்தனாரைச் சாராத ஒரு பொறியாளரைக் கூலி கொடுத்தாவது வரவழையுங்கள். கம்பியை விளிம்பிலிருந்து தள்ளி நிறுத்தும் கவர் பிளாக் வைத்திருக்கிறார்களா, அஸ்திவாரத்தில் 50 மி.மீ., தூணில் 40, தளத்தில் 20 என்ற இடைவெளி இருக்கிறதா என்று அளக்கச் சொல்லுங்கள். குழாயும் ஒயரும் சுவருக்குள் எங்கே ஓடுகின்றன என்பதைப் பூச்சுக்கு முன் படமெடுத்து, தேதி போட்டுப் பத்திரத்தோடு வைத்துக்கொள்ளுங்கள்.